எரிவாயு இணைப்பு வந்த பிறகும் கொல்லையில் விறகடுப்பு எரிவது ஏன்?

அடுப்பங்கரை

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே எரிவாயு இணைப்பு இல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2007இன் தொடக்கத்தில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியபோது சில வீடுகளுக்கு வந்தது. 2016இல் மத்திய அரசின் இலவச எரிவாயு இணைப்புத் திட்டமான உஜ்வலா வந்தபின் மீதி வீடுகளுக்கும் வந்தது. ஆனாலும் விடியற்காலையில் தெருவில் நடந்தால் ஏறக்குறையப் பாதி வீடுகளின் கொல்லையிலிருந்து புகை எழுவதைப் பார்க்கலாம்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எரிவாயு, மின்சாரம் போன்ற தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் இந்திய அளவில் 58.6 விழுக்காடு. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 43.8 விழுக்காடாக இருந்தது. தமிழகத்தில் ஐந்தில் நான்கு குடும்பங்களுக்கும் மேல் இந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு "முதன்மையாக எதில் சமைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறது. உள்ளே கேஸ் அடுப்பும் கொல்லையில் விறகடுப்பும் வைத்திருப்பவர் "கேஸ்" என்று சொல்லிவிடுவார். கொல்லைப்புகை எந்தக் கணக்கிலும் ஏறாது.

இந்த இரண்டாவது அடுப்பு ஏன் அணையவில்லை என்பதுதான் என் கேள்வி. "பழக்கம்" என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டுப் பெண்களின் காலைப்பொழுதில் பெரும்பகுதியை விழுங்கிய வேலை இது. அவரவர் ஊரில் கண்டதை, முடிந்தவரை விவரமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தண்பொருநை

சுவைதான் முதல் காரணம் என்பது என் கருத்து. மண்சட்டியில் விறகுத் தீயில் கொதித்த மீன்குழம்புக்கும் கேஸில் வைத்த குழம்புக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். தணலில் வைத்த சட்டி இரவு முழுவதும் மெல்லச் சுண்டி, மறுநாள் காலைப் பழையசோற்றுக்கு அந்தக் குழம்பு தனிப் பக்குவத்தில் கிடைக்கிறது. கேஸ் அடுப்பை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அந்தப் பக்குவம் வருவதில்லை. வசதியுள்ள வீடுகளும் விறகடுப்பை விடாமல் வைத்திருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொதிநிலை

தண்பொருநை ஐயா சொல்லும் சுவையை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன்குழம்பு வாரத்தில் ஓரிரு நாள் வைப்பது. கொல்லையில் புகையோ நாள்தோறும் எழுகிறது. அந்த நேரத்தில் அந்த அடுப்பின் மேல் இருக்கும் பாத்திரம் எது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது குளிப்பதற்கான வெந்நீர் அண்டாவாகத்தான் இருக்கும்.

இயந்திரப் பொறியாளன் என்ற முறையில் இதைக் கணக்காகவே வைக்கிறேன். 20 லிட்டர் நீரை 25 பாகை வெப்பத்திலிருந்து 45 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,670 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சமையல் எரிவாயு ஒரு கிலோவில் சுமார் 46,000 கிலோஜூல் இருக்கிறது. இந்தியத் தர அமைவனம் கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 விழுக்காடு வெப்பத்திறன் வேண்டும் என்கிறது. வீட்டில் காற்றும், பாத்திரத்தின் அளவும், அழுக்கடைந்த பர்னரும் சேர்ந்து அதை 60 விழுக்காட்டுக்கு இறக்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வாளி வெந்நீருக்கு ஏறக்குறைய 60 கிராம் எரிவாயு ஆகிறது. நான்கு பேர் தினம் ஆளுக்கொரு வாளி வெந்நீரில் குளித்தால் மாதத்துக்கு ஏழு கிலோவுக்கும் மேல் போய்விடும். சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ. அதாவது, பாதி சிலிண்டர் குளியலறைக்கே சரியாகிவிடும்.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் காய்ச்சும் வீடு, நெல் அவிக்கும் வீடு, மாவு காய்ச்சி வடகம் போடும் வீடு என்று சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரிய பாத்திரம், நீண்ட நேரம், கூட்டிக் குறைக்கத் தேவையில்லாத வெப்பம் ஆகிய மூன்றும் சேரும் வேலை எதுவோ, அது விறகுக்குப் போகிறது. காபி, தோசை, தாளிப்பு போன்று உடனே பற்றி உடனே அணைய வேண்டிய வேலை கேஸுக்கு வருகிறது. எந்த வெப்பத்தை எந்த வேலைக்குச் செலவழிப்பது என்று இல்லத்தரசிகள் மிகக் கூர்மையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதைப் பழக்கம் என்று சொல்வது அவர்களுடைய கணக்கறிவைக் குறைத்துச் சொல்வதாகும்.

கரிசல்மண்

கொதிநிலை அண்ணாச்சி போட்ட கணக்கில் விலை விடுபட்டிருக்கிறது. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்தில் விறகுக்கு விலையே இல்லை. சீமைக் கருவேலம் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் வேலியிலும் எங்கே பார்த்தாலும் நிற்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கலாம். நிலத்தடி நீருக்கும் மற்ற செடிகொடிகளுக்கும் அது செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு (விவசாயிகளுக்கு) அடுப்பெரித்ததும், கரிமூட்டம் போட்டுக் கையில் நாலு காசு கொடுத்ததும் அந்த முள்மரம்தான். விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் கனியவைத்துக் கரி எடுப்பார்கள். மூட்டத்தில் எங்காவது மண் வெடித்துத் தீ வெளியே வந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் இரவிலும் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

சிலிண்டருக்கோ ஒரே நாளில் மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் நூறும் இருநூறுமாகத்தான் பணம் வருகிறது. நூறும் இருநூறுமாகத்தான் செலவாகிறது. மானியத்தை வங்கிக்கணக்கில் போடும் முறை 2015இல் நாடு முழுவதும் வந்த பிறகு, முழு விலையையும் முதலில் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2020க்குப் பின் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மானியமும் வரவில்லை. உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் 2022இல் 200 ரூபாயும், மறு ஆண்டு அக்டோபரில் அதை உயர்த்தி 300 ரூபாயும் அறிவித்தார்கள். இணைப்பு இலவசம் என்பதும் எரிவாயு கட்டுப்படியாகும் என்பதும் வேறு வேறு செய்திகள். சிலிண்டர் தீர்ந்த நாளும் கூலி வந்த நாளும் ஒன்றாக அமையாத வீட்டில், இடைப்பட்ட நாட்களுக்கு விறகடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

நாடித்துடிப்பு

அரசு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கரிசல்மண் சொன்னதற்கு வலுச் சேர்க்கும் சான்று ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் மொத்தம் 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி தமிழகக் கிராமங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தாரின் பொறுப்பில் நடைபெற்றது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குத் தேவையான எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து தரப்பட்டன. அவ்வாறு தரப்பட்ட வீடுகளில் விறகடுப்பு ஏறக்குறைய முற்றிலும் நின்றுபோயிற்று. அந்தப் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு, விறகில் சமைத்தவர்கள் சுவாசித்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. தலைமுறை தலைமுறையாக விறகில் சமைத்து வந்த பெண்கள்தான் அவர்களும். விலை என்ற தடை நீங்கியதும் பழக்கம் அவர்களைக் கட்டிப்போடவில்லை.

அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. புகை குறைந்தும் ஏன் எடை கூடவில்லை என்பது துறையினர் இன்றும் விவாதிக்கும் கேள்வி. இருந்தாலும், புகையிலையைக் கையால் தொட்டறியாத, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மூச்சிரைத்துக்கொண்டு என்னிடம் வந்ததை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். "பீடி பிடித்ததுண்டா அம்மா?" என்று கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். அடுத்த கேள்வியாக அடுப்பைப் பற்றிக் கேட்டால் விடை கிடைத்துவிடும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், கண்புரை, அதே அடுப்படியில் மடியில் கிடந்த குழந்தைக்கு வரும் நிமோனியா ஆகியவற்றோடு வீட்டுப்புகைக்கு உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேரின் இறப்புக்கு வீட்டுக்குள் எழும் புகை காரணமாக இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கொல்லையில் திறந்த வெளியில் எரிந்தால் கேடில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்திருப்பவரின் முகத்துக்கும் புகைக்கும் இடையே திறந்த வெளி எதுவும் இல்லை.

வடசென்னைவாசி

இந்த விவாத இழை கிராமத்து விறகோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் வரும். பட்டணத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு அடுப்பின் வரலாறு வேறு விதமானது. எனக்கு எழுபது வயது கடந்துவிட்டதால் இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தெருமுனையில் விறகுத் தொட்டி இருக்கும்; சவுக்குக்கட்டையைத் தராசில் நிறுத்துத் தருவார்கள். மழைநாளில் நனைந்த கட்டையை வாங்கிவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரிவதற்குள் கண் சிவந்துவிடும். குமுட்டி அடுப்புக்கு மரக்கரி வாங்குவோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கி "லீகோ" என்ற பெயரில் விற்றார்கள்; பற்றிக்கொள்ளத் தாமதமானாலும், பற்றிவிட்டால் புகையில்லாமல் நின்று எரியும்.

மரத்தூள் அடுப்பைப் பற்றி இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் கீழே ஒரு துளை போட்ட தகர டின்தான் அடுப்பு. நடுவில் ஒரு பாட்டிலை நேராக நிறுத்தி, கீழ்த்துளை வழியாக ஒரு கட்டையைச் செருகி இரண்டும் முட்டும்படி வைத்துக்கொண்டு, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கையால் இறுக அமுக்குவோம். பிறகு பாட்டிலைத் திருகித் திருகி மெல்ல உருவ வேண்டும். அவசரப்பட்டால் தூள் சரிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சரியாக வந்துவிட்டால் உள்ளே ஒரு குழல் அமைந்துவிடும். கீழே கொளுத்தினால் அந்தக் குழலின் சுவர் உள்ளிருந்து வெளிப்புறமாகக் கனன்று, ஒரு வேளைச் சமையல் முடியும்வரை ஒரே சீராக எரியும். மரவாடியில் வீணாகப் போகும் தூளைக் கொண்டு இவ்வளவு ஒழுங்கான தீயை உண்டாக்கியவர்கள் ஏழைக் குடும்பத்துப் பெண்கள்.

அதன்பின் மண்ணெண்ணெய் வந்தது. திரி ஸ்டவ் வந்தது, பம்ப் ஸ்டவ் வந்தது. 1970களின் பிற்பகுதியில் குறைந்த எண்ணெயில் எரியும் "நூதன்" ஸ்டவ்வை இந்தியன் ஆயில் ஆய்வுக்கூடம் உருவாக்கித் தந்தது. ரேஷனில் நீலச்சாயம் கலந்த மண்ணெண்ணெய் கொடுப்பார்கள். கள்ளச்சந்தைக்குப் போனால் கண்டுபிடிப்பதற்காக அந்தச் சாயம். "இன்று எண்ணெய் ஊற்றுகிறார்கள்" என்ற செய்தி வந்த நாளில் பள்ளிக்குப் போகாமல் டின்னோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வரிசைக்கு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளைத்தான் அதிகம் அனுப்பினார்கள் என்பதை இப்போது நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "ஸ்டவ் வெடித்து" என்ற சொற்றொடரோடு எத்தனை இளம்பெண்கள் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வந்தார்கள் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். அவற்றில் சில உண்மையாகவே விபத்துகள்: நாசில் அடைத்துக்கொண்ட நிலையில் அழுத்திப் பம்ப் செய்ததாலும், எரியும்போதே எண்ணெய் ஊற்றியதாலும் நேர்ந்தவை. மற்றவை என்னவென்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1983இலும் 1986இலும் தண்டனைச் சட்டத்தில் கொடுமைக்கும் வரதட்சணைச் சாவுக்கும் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டதற்கு நாடெங்கும் நடந்த இத்தகைய மரணங்கள்தான் காரணம்.

அடுப்பங்கரை

வடசென்னை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. நன்றி ஐயா.

கேஸ் அடுப்பு வீட்டின் அமைப்பையே மாற்றியது என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் பழைய வீட்டில் அடுப்பங்கரை கடைக்கோடியில் இருந்தது. சுவரும் உத்தரமும் கரியேறிக் கிடக்கும். புகை வெளியேற ஓட்டில் ஒரு புகைக்கூண்டு உண்டு. சமைப்பவர் தரையில் உட்கார்ந்துதான் சமைப்பார். கொடியடுப்பும் அம்மியும் அரிவாள்மனையும் தண்ணீர்க்குடமும் உட்கார்ந்தபடி கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கும்.

சிலிண்டர் வந்ததும் அதன் தலைமட்டத்துக்கு மேலே அடுப்பு இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் கூடவே வந்தது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் மேடை கட்டினோம். மேடை வந்ததும் சமைப்பவர் எழுந்து நின்றார். நின்று சமைப்பவருக்குத் தரையில் இருக்கும் அரிவாள்மனை உதவாது. கத்தியும் பலகையும் வந்தன. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் மிக்ஸியும் கிரைண்டரும் மாற்றாக மேடையேறின. புகை இல்லாததால் சமையலறை கூடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. தொலைக்காட்சி பார்ப்பவர்களோடு பேசிக்கொண்டே சமைக்க முடிகிறது என்பது என் அம்மாவின் காலத்தில் நினைத்துப்பார்க்க முடியாதது. மறுபுறம், மூட்டுவலியோடு நெடுநேரம் நிற்க முடியாத வயதான பெண்களுக்கு அந்த மேடை எட்டாததாகிவிட்டது. எங்கள் தெருவில் கொல்லையடுப்பின் முன் மணையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அவர்கள்தான். இந்தக் காரணத்தை எந்தக் கணக்கெடுப்பிலும் நான் பார்த்ததில்லை.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் விறகிலிருந்து எரிவாயுவுக்குப் போன கதையைப் பேசுகிறீர்கள். நாங்கள் எதிர்த்திசையில் போய் வந்தவர்கள்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் வராமற்போனது. கிடைத்த மண்ணெண்ணெய் தங்கத்துக்கு நிகரானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, ஒரு மெல்லிய திரியைக் கொளுத்தினால் பிள்ளைகள் படிப்பதற்குப் போதிய வெளிச்சம் வரும். ஒரு தலைமுறை அந்த விளக்கில்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

குசினியைக் காப்பாற்றியது பனை. காவோலை, கங்குமட்டை, பன்னாடை, கொக்காரை என்று அந்த மரத்தில் எரியாத பகுதி கிடையாது. பனம்விதையின் ஊமலைக் கரியாக்கினோம். சிரட்டைக்கரி போட்டு உடுப்புகளுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டோம். விறகுக்காக வேலிகளும் தோப்புகளும் அழிந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

2022இல் நாடு முழுவதும் எரிவாயு இல்லாமற்போனபோது எனக்கு விளங்கிய விடயம் ஒன்றைத்தான் இங்கே முதன்மையாகச் சொல்ல வந்தேன். எங்கள் ஊரில் சிலிண்டர் வெறுமையான அன்று மாலையே பின்வளவில் மூன்று கல்லை வைத்துச் சோறு ஆக்கினோம். கொழும்பில் மாடிக்குடியிருப்பில் இருந்த உறவினர்களுக்கு அந்த வழி இல்லை. ஏழாம் மாடியில் விறகை எங்கே எரிப்பது? மின்னடுப்பை நம்பினால் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அடுப்பங்கரை அக்கா எழுதியதுபோல எரிவாயுவை நம்பிக் கட்டிய வீட்டில் வேறு எந்தத் தீக்கும் இடம் வைக்கப்படவில்லை. ஆகவே கொல்லையில் இருக்கும் அந்த இரண்டாவது அடுப்பை நான் பின்தங்கிய நிலையின் அடையாளமாகப் பார்ப்பதில்லை. அது இல்லாத வீட்டைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கொதிநிலை

பனங்கூடல் ஐயாவின் பதிவு இந்த விவாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பாடம். இந்தியாவும் தன் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கும் மேலான பங்கை இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கடல்வழியாக வருகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விறகின் பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடுதான் பாத்திரத்துக்குப் போகிறது. ஒரு சிலிண்டர் தரும் பயன்வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 200 கிலோ உலர்ந்த விறகு வேண்டும். தலைச்சுமையாகக் கொண்டுவந்தால் எட்டு அல்லது பத்து நடை. விறகுக்கு விலையில்லை என்று கரிசல்மண் எழுதினார். அந்த நடைகளுக்கும், வெட்டிப் பிளந்து காயவைக்கும் பொழுதுக்கும் கூலி போட்டால் விலை இருக்கிறது.

கரிசல்மண்

கூலி போடலாம் அண்ணாச்சி, வேலை கிடைத்தால். வேலை இல்லாத நாளில்தான் விறகுக்குப் போகிறார்கள்.

நீலமலை

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். மலையில் வாழ்பவர்களுக்கு அடுப்பு என்பது சமையலுக்கு மட்டும் உரியதன்று. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதும் அதுதான். இங்கே வந்து குடியேறிய ஆங்கிலேயர் கணப்படுப்புக்காகச் சோலைக்காட்டு மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். அந்த விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தைக் கொண்டுவந்து, பிறகு மலை முழுவதும் பரப்பினார்கள். சீகை (வாட்டில்) மரமும் அப்படி வந்ததுதான். எங்கள் மலையின் தோற்றமே ஒரு குளிர்காய்தலால் மாறியது. புல்வெளிகள் மறைந்ததும், ஊற்றுகள் வற்றியதும் அதன் தொடர்ச்சி.

இன்று கேஸ் அடுப்பு எல்லா வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் கேஸை எரித்துக் குளிர்காய யாராலும் முடியாது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளில் கவாத்து செய்த, அதாவது கத்தரித்த, தேயிலைக் குச்சிகள்தான் அடுப்புக்கு வருகின்றன. அவற்றின் தணலைச் சுற்றித்தான் குடும்பம் உட்காருகிறது. இங்கே வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தண்பொருநை

எல்லாவற்றுக்கும் மின்சார அடுப்புதான் தீர்வு என்று இப்போது சொல்லப்படுகிறதே, அதைப் பற்றிக் கொதிநிலை ஐயாவின் கருத்து என்ன?

கொதிநிலை

இண்டக்‌ஷன் அடுப்பில் மின்சாரத்தின் ஏறத்தாழ 85 விழுக்காடு வெப்பமாகப் பாத்திரத்தைச் சேர்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை 125 முதல் 130 யூனிட் மின்சாரம் செய்துவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் சிறிய குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டணம் கணக்கிடும் படிநிலையே மாறிவிடுகிறது, கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் அடுப்பும் சேர்ந்தால் எல்லை எளிதில் கடந்துவிடும். மண்சட்டி, அலுமினியக் குண்டான், ஈயச்சொம்பு எதுவும் அதில் சூடேறாது என்பதால் பாத்திரங்களையும் மாற்ற வேண்டும். 2012இல் சென்னைக்கு வெளியே நாள்முழுக்க மின்வெட்டில் தவித்தவர்கள் அடுப்பையும் மின்கம்பியில் மாட்ட இன்னும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான்.

என் கணிப்பில் முதலில் செய்ய வேண்டியது சமையலில் இல்லை, வெந்நீரில்தான் இருக்கிறது. கூரையில் சூரிய வெந்நீர்க்கலம் வைக்க வசதியுள்ளவர்கள் அதை வைத்துவிட்டால் கொல்லையடுப்பின் பெரும்பாதி வேலை முடிந்துவிடும். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லலாம்.

செங்கல்சூளை

கொத்தனாராக முப்பது ஆண்டுக்கும் மேல் வேலை செய்கிறேன். 1980களில் அரசுத் திட்டத்தில் புகையில்லா அடுப்புகள் கட்டியபோது என் குருநாதரோடு நானும் சித்தாளாகப் போயிருக்கிறேன். அந்த அடுப்புகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே இடிக்கப்பட்டன. குறை பெண்களிடத்தில் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் அடுப்புவாய் போட்டோம். எங்கள் ஊர்ச் சோற்றுப்பானை அதில் உட்காரவில்லை. விறகு நுழையும் வாயைச் சிறிதாக வைத்தோம். வேலிமுள்ளைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டியிருந்தது. புகைக்குழாயைக் கூரைக்கு அடியிலேயே வளைத்து வெளியே விட்டோம். வளைவில் கரி அடைத்துப் புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது. குழாயைத் துடைப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சமையலுக்குக் கேஸை வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்குப் பழைய செம்புப் பாய்லர் மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நடுவில் தீக்குழல், அதைச் சுற்றி நீர் என்று இருப்பதால் அண்டாவில் காய்ச்சுவதைவிட மிகக் குறைந்த விறகில் நீர் சூடாகிவிடும். சிரட்டையும் தேங்காய் மட்டையும் போதும். செம்பில் செய்ய வசதியில்லை என்றால் இரும்புத் தகட்டிலும் செய்கிறார்கள்; ஆனால் உள்ளே துரு பிடிக்கும், சில ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுப்பங்கரை

நன்றி அண்ணா. ஏற்கெனவே உள்ள விறகடுப்பை இடிக்காமல் புகைக்குழாய் மட்டும் வைக்க முடியுமா? எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பெரியம்மாக்கள் பாய்லர் வேண்டாம், உட்கார்ந்து எரிக்கிற அடுப்பே போதும் என்கிறார்கள்.

செங்கல்சூளை

முடியும் அம்மா. அடுப்பின் பின்சுவரில் தணலுக்கு மேலே துளை போட்டு, வளைவே இல்லாமல் நேர்க்குழாயாக ஏற்றுங்கள். குழாயின் தலை கூரை முகட்டைவிட இரண்டு அல்லது மூன்று அடி உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்தால் காற்று புகையைக் கீழே தள்ளும். மழை இறங்காமல் மேலே ஒரு தகரத் தொப்பி வையுங்கள், ஆனால் புகை போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குழாயின் அடியில் ஒரு செங்கல்லைப் பூசாமல் கழற்றும்படி வைத்தால், மாதம் ஒருமுறை கயிற்றில் சாக்குத்துணியைக் கட்டி மேலிருந்து இழுத்து, விழும் கரியை அந்த வழியாக அள்ளிவிடலாம். உட்கார்ந்து எரிப்பவர்களின் மணை உயரத்தை முதலில் அளந்துகொண்டு, அதற்கேற்ப அடுப்புவாயின் உயரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். பெரியம்மாக்கள் முதுகை வளைக்காமல் விறகைத் தள்ள முடிந்தால் முகம் புகைக்கு நேராகப் போகாது.